சுவர்ப் பக்கம் திரும்பிய படம்

கல்கத்தா தந்தி ஆபீஸில் முப்பது வருஷம் துரைமார்களின் செய்தியைத் தட்டி ஓய்வு பெற்ற பிறகுதான் நான் தூரிகை பிடித்தேன். பவானிபூரில் பக்கத்து வீட்டு வங்காளிப் பெரியவர், தம் வீட்டுத் துர்கா பூஜைக்கு ஒரு படம் கேட்டார். துர்கையும் அவள் பிள்ளைகளும். இரண்டு மாதம் கண் எரிய வரைந்தேன். முருகனுக்கு இருபுறமும் வள்ளியையும் தெய்வானையையும் நிறுத்தினேன்.

துர்கா பூஜை தொடங்கும் சஷ்டியன்று பூஜைக் கூடத்தில் திரையை விலக்கியதும் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை.

"உங்கள் முருகன் எங்களுக்குக் கார்த்திக். அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை, பாபு. இவர்கள் யார் வீட்டுப் பெண்கள்?" என்றார்.

என் கண்ணெதிரே படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி ஆச்சரியப்படவில்லை.

"அந்தாத்து மாமி எப்பவோ சொல்லியிருக்காளே."

"தெரிஞ்சும் ஏன்டி சொல்லலை?"

"படத்தை என்கிட்ட என்னிக்குக் காட்டினேள்?"

இப்போது முதல் கோடு போட்டதுமே அவளிடம் காட்டிவிடுகிறேன். காட்டி என்ன? அதன்பின் இந்தத் தெருவில் யாரும் என்னிடம் படம் கேட்கவில்லை.