மீனுவும் மலையேறும் சிவப்பு ரயிலும்

போன மாதம் ஆபீஸ் வேலையாக ஸ்விட்சர்லாந்து போன கணவரோடு நானும் ஏழு வயது மீனுவும் ஒட்டிக்கொண்டோம். அங்கே விசேஷ நாட்களில் மட்டும் ஓடும் ஒரு பழைய மலை ரயில். சிவப்பு நிறம், உள்ளே பளபளக்கும் மரப்பலகை. கணவர் ஆசையாக டிக்கெட் எடுத்துவிட்டார். எனக்கோ ஒரே பயம்.

காரணம் மீனு. எங்கள் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பொன்முடி மலைக்கு எப்போது கிளம்பினாலும் நாலைந்து வளைவிலேயே வாந்தி. பாதி மலையில் காரைத் திருப்பிக்கொண்டு கிழக்கேகோட்டை வீட்டுக்கே வந்துவிடுவோம். அவள் இதுவரை எந்த மலையுச்சியையும் பார்த்ததில்லை. இந்த முறையாவது...?

எங்கள் வீட்டு வழக்கப்படி எல்லா ஏற்பாடும் செய்தேன். காலையிலிருந்து பட்டினி. கையில் எலுமிச்சம்பழம். வளைவுகள் தெரியாமலிருக்க முகத்தின் மேல் என் துப்பட்டா.

ரயில் கிளம்பியது. தனி எஞ்சின் கிடையாது. நாம் உட்காரும் பெட்டிக்கு அடியிலேயே மின்சார மோட்டார்கள். தண்டவாளம் நம் தம்பானூர் ஸ்டேஷனில் பார்ப்பதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அகலம். ஊட்டி ரயில் போலப் பற்சக்கரமும் இல்லை. என் அப்பாவைவிட மூத்த வண்டி, அந்தச் செங்குத்தில் மூச்சு வாங்காமல் ஏறுகிறது.

"அம்மா, எனக்குக் காணணும்," என்றாள் மீனு, துப்பட்டாவுக்குள்ளிருந்து.

"வேண்டாண்டா, தலை சுத்தும்."

டிக்கெட் பார்க்க வந்த பெண்மணி பதறிவிட்டார். குழந்தைக்கு உடம்பு சரியில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"குழந்தை நன்னாத்தான் இருக்கா. இவளுக்குத்தான்..." என்று தமிழில் முணுமுணுத்துவிட்டு, கணவர் விஷயத்தை விளக்கினார்.

அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. கண்ணை மூடினால்தான் தலை சுற்றும்; டிரைவருக்குப் பின்னால் நின்று பாதையைப் பார்க்கட்டும் என்றார். இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தார்.

அனுப்பலாமா? அந்தப் பளபளப்பில் வாந்தி எடுத்துவிட்டால்? நான் யோசித்து முடிப்பதற்குள் மீனு முன்பக்கக் கண்ணாடிக்கே போய்விட்டாள். பின்னாலேயே ஓடி அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"அடுத்த வளவு வருது, கேட்டியா..." ஒவ்வொரு திருப்பத்துக்கும் அவளே அறிவிப்பு. குகை, பனி, மறுபடி திருப்பம்... ஒரு ஏப்பம்கூட வரவில்லை. உச்சிக்கே வந்துவிட்டோம்.

இன்னொரு அதிசயம் இறக்கத்தில். அப்போதும் மீனு முன்பக்கக் கண்ணாடியில், என் இரண்டு கையும் அவள் சட்டையில். மேலே இழுத்து வந்த அதே மோட்டார்கள்தான் இப்போது வண்டி உருண்டோடாமல் பிடித்துக்கொள்கின்றனவாம். அந்தப் பெண்மணி சொன்னதைக் கணவர் மீனுவுக்குத் தமிழில் சொன்னார். இழுக்கவும் தெரியும், பிடிக்கவும் தெரியும்... எனக்கு இதில் பாதிதான் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

மீனு திரும்பி என்னைப் பார்த்தாள். "வண்டியே நம்மளப் பிடிச்சிண்டிருக்கே, அப்புறம் நீ வேற எதுக்கு? விடும்மா."

விட்டேன்... ஒரு கையை மட்டும்.