வாயைப் பொத்திய பிடில்

வாழைத்தார் ஏற்ற வந்த லாரி டிரைவர் வண்டியை நிறுத்தாமலே கத்தினார்: "வாத்தியாரய்யா, நம்ம கம்பவுண்டர் ஆறுமுகம் போயிட்டாருங்க! நேத்து ராசிபுரத்துல, மாரடைப்பு." கொல்லிமலைக்கு ரோடு வந்தபின் சாவுச் செய்தியும் லாரியில் ஏறித்தான் வருகிறது. சாக்குக்கட்டியும் கையுமாகப் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். ஐம்பதுகூட ஆகாத மனிதரையா கொண்டுபோக வேண்டும்? ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ராசிபுரத்தில் அவரிடம் மருந்து வாங்கியவர்களுக்கு அவர் அதிகம் பேசாத கம்பவுண்டர். மலைமேல் வாழவந்தி நாட்டில் இருக்கும் எங்களுக்கு அவர் வேறு ஆள். ரோடு வராத நாளில், ஊர் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் நடந்து ஏறி வருவது வாரம் ஒருமுறை. மழை பிடித்துக்கொண்டால் அதுவும் கிடையாது. மற்ற நாளெல்லாம் ஆறுமுகம்தான். ஆஸ்பத்திரியின் பின்னறையில் அவர் குடியிருந்தார். ஒரு மண்சுவர் தள்ளி நான்.

அந்த மனிதருக்குப் பாம்பிடம் பயமில்லை, கரடியிடம் பயமில்லை. தான் பிடில் வாசிப்பது அடுத்தவர் காதில் விழுந்துவிடுமோ என்பதுதான் பயம். சின்ன வயதில் அவர் வில்லை எடுத்ததும் அப்பா ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாராம். "திட்டியிருந்தா மறந்திருப்பேனுங்க. சாத்துன சத்தம் இன்னும் கேக்குது" என்பார். அதனால் பொழுது சாயும் நேரத்தில் கதவடைத்து, ஜன்னலில் கோணிப்பை தொங்கவிட்டு, தந்திகளுக்கு அடியில் துணியைத் திணித்துக்கொண்டுதான் வாசிப்பார். தெரிந்தது ஒரே கீர்த்தனை. அதிலும் இரண்டாவது அடியில், மேலே ஏறும் இடத்தில் தவறாமல் சறுக்குவார். வெளியே என் செருப்புச் சத்தம் கேட்டால் வில் அப்படியே நின்றுவிடும். "வாத்தியாரே, ஒருத்தருகிட்டயும் சொல்லிப்புடாதீங்க. பொட்டியத் தூக்கிட்டு எறங்கிப் போயிருவேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு ஐப்பசியில் ஆஸ்பத்திரிக்கு ஆட்கள் வருவது குறைந்தது. பிறகு நின்றே போனது. மழைதான் காரணம் என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டோம்.

ஒருநாள் காலை, சடையன் என்பவர் தன் இரண்டு வயது மகளைக் கம்பளியில் சுற்றிப் பூசாரியிடம் தூக்கிக்கொண்டு போனார். பின்னால் ஊர்க்காரர்கள். வழியில் ஆஸ்பத்திரிக்கு எதிரே, பலாமரத்தடியில் அவர் மனைவி பொன்னாயி உட்கார்ந்துவிட்டாள். இங்கே காட்டாமல் நகரமாட்டேன் என்று அழுதாள். குழந்தைக்கு மார்ச்சளி. மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலா உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

ஆறுமுகம் ஊசியோடு ஓடினார். சடையன் பின்வாங்கினார்.

"கிட்ட வராதீங்க! புரட்டாசியில இங்க பிரசவத்துல செத்தாளே ஒருத்தி, அவ பொழுதுசாய உங்க ஊட்டுக்குள்ள அழுவறா. வாயப் பொத்திக்கிட்டு அழுவறா. ஊரே கேட்டிருக்குது. அந்த ஊட்டு மருந்து எம்புள்ளைக்கு வேண்டாமுங்க."

ஆறுமுகத்தின் முகத்தில் ரத்தமே இல்லை. திரும்பி உள்ளே போனார். பெட்டியைத்தான் எடுக்கப் போகிறார் என்று பயந்தேன். பிடிலோடு வந்தார்.

"அழுவறது அவ இல்லீங்க. நான்தானுங்க."

யாரும் நம்பவில்லை. துணியை எடுக்காமலே வாசித்துக் காட்டினார். அதே அழுகை! பெண்கள் அலறி விலகினார்கள். சடையன் குழந்தையோடு ஓடத் திரும்பினார். "நில்லுங்க சாமி!" என்று கத்தி, ஆறுமுகம் துணியைப் பிடுங்கி எறிந்தார். முழுக் குரலில் பிடில் கிறீச்சிட்டது. கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். இரண்டாவது அடியில் சறுக்கினார். மறுபடி எடுத்தார். மறுபடியும் சறுக்கினார்.

"அடக் கருமமே! இதுக்கா இத்தன நாளா நடுங்கிக் கெடந்தோம்?" என்று ஒரு பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். கூட்டமே சிரித்தது. எந்தச் சிரிப்புக்குப் பயந்து அத்தனை வருடம் ஒளிந்திருந்தாரோ, அந்தச் சிரிப்பு. காது மடல் சிவந்து, கண்ணில் நீர் கோத்து, ஆனாலும் வில்லை நிறுத்தவில்லை. சிரிப்பு அடங்குவதற்குள் பொன்னாயி புருஷன் கையிலிருந்து குழந்தையைப் பறித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் ஓடினாள். பிடிலை என் கையில் திணித்துவிட்டு அவரும் ஓடினார்.

பென்சிலின் ஊசி வேலை செய்தது. ஆனாலும் மூச்சு சீராகும்வரை அவர் தூங்கவில்லை. காய்ச்சல் இறங்கிய மாலையில் சடையன் தலையைச் சொறிந்துகொண்டே, "ஏனுங்க, இன்னிக்கு வாசிக்கலீங்களா?" என்று கேட்டார்.

பயம் போய்விட்டதா என்று பின்னொரு நாள் விசாரித்தேன். "எங்கீங்க? வில்லத் தொட்டா இப்பவும் பயந்தானுங்க. ஆனா ஜன்னலச் சாத்துனா அதவிடப் பயமா இருக்குதுங்க" என்றார். மாற்றலாகி மலையிறங்கும்வரை அந்த ஜன்னலை அவர் சாத்தவில்லை.

அந்தக் குழந்தை செல்லம்மா இப்போது என் ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள். தினமும் கேட்டுக் கேட்டுப் பொன்னாயிக்கு மனப்பாடமாகி, அந்தக் கீர்த்தனையையே தாலாட்டாகப் பாடி வளர்த்தாள். செல்லம்மாவும் முணுமுணுப்பாள், இரண்டாவது அடியில் அதே சறுக்கலோடு. தப்பு என்று சொல்லிப் பார்த்தேன். "அப்படித்தானுங்க சார் அது" என்று முறைத்தாள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியதும் அந்தச் சறுக்கல்தான். நானும் பாடுவேன்; ஆனால் அந்தச் செய்தி வரும்வரை என் குரலை யாருக்கும் காட்டியதில்லை. அன்று மாலை ஜன்னலைத் திறந்துவைத்து அந்தக் கீர்த்தனையைப் பாடினேன். அந்த இடம் வந்ததும் நானும் சறுக்கினேன். வெளியே யாரோ சிரித்தார்கள். முதலிலிருந்து எடுத்தேன்.