நாய்க்கு ஒரு கிழமை ஓய்வு

எங்கள் லயத்து நாய்க்கு ஐந்து வருஷமாகச் சொந்தக்காரர் கிடையாது. அது தபால்காரரைக் கடித்தபோது யாருடைய நாய் என்று தேயிலைத் தோட்டத்து ஆபீசில் இருந்து வந்து கேட்டார்கள். லயத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய பன்னிரண்டு காம்பரா வீட்டிலும் ஒரே பதில்: எங்களது இல்லை. அது படுப்பது எங்கள் வாசலில், தின்பது என் கையால். இருந்தும் என் வீட்டுக்காரர், எங்கேயிருந்தோ வந்த பெட்டை என்று கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தார். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் வெட்கமாகப் போனது.

இந்த மாசியில், நாய்களுக்குக் கருத்தடை செய்ய ஒரு வேன் வருகிறது என்று பெரட்டுக்களத்தில், காலையில் எங்களை வேலைக்குப் பிரித்துவிடும் இடத்தில், நோட்டீஸ் ஒட்டினார்கள். மிருக வைத்தியர் அங்கேயே ஒப்பரேஷன் செய்து அன்றைக்கே திருப்பித் தருவார். சொந்தக்காரர் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். நான் கொண்டுபோகிறேன் என்று வாசலில் நின்று சொன்னேன். சொன்ன நேரத்தில் லயம் முழுக்கச் சொந்தக்காரர்கள் முளைத்துவிட்டார்கள்.

அடுத்த காம்பராவில் இருக்கிறவர் எனக்கு அண்ணன் முறை. ஐந்து வருஷத்தில் அந்த நாய்க்கு ஒரு எலும்பு போட்ட மனுஷன் இல்லை. அவர்தான் முதலில் வக்காலத்து வாங்கினார். ஒப்பரேஷன் செய்த நாய் குரைக்காதாம், சிறுத்தை வந்து வாசலில் படுத்துக்கொள்ளுமாம், கோயில் திருவிழா நெருங்கும்போது இது லயத்துக்கே ஆகாதாம். என் வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுத் தன் பங்குக்கு ஒன்று சொன்னார்.

"வாயில்லாத ஜீவன். அதுகிட்டக் கேக்காம வயித்தக் கிழிக்கிறது மகா பாவம்."

பாவத்தைப் பற்றி யார் பேசுவது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா? வருஷத்துக்கு இரண்டு தடவை அது குட்டி போடும். கடுவன் குட்டிகளை, காவலுக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிப்போவார்கள். பெட்டைக் குட்டிகளை இவர் உரச்சாக்கில் போட்டு வட்டகொடை ஸ்டேஷன் பக்கம் விட்டுவிட்டு வருவார். போன தடவை அவ்வளவு தூரம் போகச் சோம்பல். மேல்மலையில், தேயிலைக்கு நடுவே ஓடும் தண்ணீர்க் கானில் வீசிவிட்டு வந்துவிட்டார். இரண்டு நாள் கழித்து எங்களுக்குக் கொழுந்து எடுக்க அந்த மலையைத்தான் கொடுத்தார்கள். சாக்கு கிடந்தது என்னுடைய நிரையில். நான்கு குட்டிகள், ஒன்று மட்டும் அசைந்தது. அதைக் கூடைக்குள் கொழுந்து மேலேயே வைத்துக்கொண்டேன். கங்காணி ஏசினார். மத்தியானத்துக்குள் அதுவும் போய்விட்டது. இன்னொரு சாக்கை நான் பார்க்க மாட்டேன் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

என் வயிற்றின் கதையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது மகள் பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. தோட்டத்து மருத்துவிச்சி அம்மா வந்து வெளியே உட்கார்ந்து இவரோடு பேசினார். நான் உள்ளே பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கருத்தடை செய்ய இவர் கையெழுத்துப் போட்டார். அப்புறம் எட்டிப்பார்த்து, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு லொறி வருகிறது, ரெடியாக இரு என்றார். இன்னொரு பிள்ளை எனக்கு வேண்டுமா வேண்டாமா என்று எனக்கே தெரியாது. யோசிக்க விட்டால்தானே தெரியும்?

ஒரு கிழமைக்கு, ஏழு நாளைக்கு, பாரம் தூக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் இவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்கள். நாலாம் நாள் காலையில், பேர் போகிறது, கிளம்பு என்றார். ஒரு நாள் வேலைக்கு எங்கள் தோட்டத்தில் பேர் என்று சொல்வோம். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு போனேன். பத்து மணிக்குத் தையல் விட்டுவிட்டது. இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கு நனைய நனைய, கொழுந்து நிறுக்கும் வரைக்கும் நின்றேன். அந்தச் சாக்கை அன்று சாயங்காலம் பீலித் தண்ணீரில் அலசிப்போட்டதே இவர்தான்.

அதையெல்லாம் வைத்துக்கொண்டு மகா பாவம் என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லயமே கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

"வாயில்லாத ஜீவனுக்கு இவ்வளவு பேசுறீங்க. எனக்கு வாய் இருந்துச்சே, என்னைய யாருங்க கேட்டீங்க?"

அண்ணன் முறைக்காரர் சட்டென்று சிறுத்தையை மறந்து உள்ளே போய்விட்டார். இவருக்கு மூஞ்சி சிவந்துபோனது. நாயையும் மனுஷியையும் ஒன்றாகப் பேசுகிறாயே, உனக்குப் பைத்தியமா என்று கத்தினார். ஒன்றாக எங்கே பேசினேன், நீங்கள்தான் நாயை ஒரு படி மேலே வைத்துப் பேசுகிறீர்கள் என்றேன். அதோடு இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. நிம்மதியாக இருந்தது.

வேன் வந்த அன்று என் பேரை விட்டுவிட்டு நாயைக் கயிற்றில் கட்டிக் கொண்டுபோனேன். இவரும் பின்னாலேயே வந்தார். சிங்கள டொக்டர் அரைகுறைத் தமிழில் விளக்கிவிட்டுப் படிவத்தை நீட்டினார். இவர் பழக்கதோஷத்தில் பேனாவுக்குக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. சொந்தக்காரர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். ஊசி போட்டதும் நாய் என்னைத்தான் பார்த்தது. அதனிடம் நானும் கேட்கவில்லை. அது எனக்குத் தெரியும், அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

திரும்பும்போது டொக்டர் சொன்னதையெல்லாம் இவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். நாயைத் தன் கம்பளியில் சுற்றித் தூக்கிவந்ததும் இவர்தான். பாண் ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஊட்டினார். என் ஒப்பரேஷன் அன்று எனக்கு ஒரு பிளேன்டீ போட்டுக் கொடுத்திருப்பாரா என்று கேட்டால், இல்லை.

நாலாம் நாள் காலை நான் கூடையோடு இறங்கியதும், வழக்கம்போல நாய் எழுந்து என் பின்னால் வந்தது. இவர் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே ஓடிவந்தார்.

"அத மலைக்குக் கூட்டிட்டுப் போகாத புள்ள. ஒரு கிழமைக்கு ஏறக் கூடாது, எறங்கக் கூடாது. தையல் விட்டுரும்னு டொக்டர் சொன்னாரு."

நான் கூடையை இறக்கி வைத்தேன்.

"நாலாம் நாளுதானே என்னைய கொழுந்துக்கு அனுப்புனீங்க. என் தையல் விட்டுச்சே."

நாயைப் பிடித்தபடி குனிந்திருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நடிக்கவில்லை, உண்மையாகவே யோசித்துப் பார்த்தார்.

"எப்ப?" என்று கேட்டார்.