சம்மாட்டியார் வைத்த ஒற்றை வில்லை

என் அலுமாரியில், நடுவே துளையிட்ட சீட்டுக்கட்டு ஒன்று இருக்கிறது. கொழும்பில் ஒரு கசினோவில் சீட்டுப் போடும் வேலை பார்த்தேன். பாவித்து முடிந்த கட்டுகளை அங்கே இப்படித் துளைத்துத்தான் வெளியே விடுவார்கள். இதை நான் கேட்டு வாங்கி வந்ததற்குக் காரணம் தாழ்வுபாட்டுச் சம்மாட்டியார்.

இரண்டு படகும் பத்துப் பதினைந்து ஆட்களும் வைத்துக் கடல்தொழில் நடத்துகிறவர். மாதம் ஒருமுறை கருவாடு விற்கக் கொழும்புக்கு வருவார். வந்தால் என் பிளாக்ஜாக் மேசைக்கும் வருவார். முதல் நாள் "போடுங்கோ பிள்ளை" என்றதிலேயே எங்கள் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிட்டது. நான் தலைமன்னார். தெரிந்தவர்களுக்குச் சீட்டுப் போடக் கூடாது என்பது அங்கே சட்டம். அதனால் இருவரும் ஊர்க்கதை ஒன்றும் பேசவில்லை.

எத்தனையோ சூதாடிகளைப் பார்த்துச் சலித்தவள் நான். தோற்றவன் விட்டதைப் பிடிக்க இரட்டிப்பாக வைப்பான். வென்றவன் தலைகால் தெரியாமல் வைப்பான். சம்மாட்டியார் போன சீட்டுகளை மனதுக்குள் எண்ணுவார். சின்னச் சீட்டுகள் நிறையப் போய், பத்துகளும் ஏஸ்களும் மிஞ்சியிருந்தால்தான் ஆடுகிறவருக்கு வாய்ப்பு. அதுவரை, காசுக்குப் பதிலாக மேசையில் வைக்கும் வில்லைகளில் ஒன்றுதான் பந்தயம். வாய்ப்புக் கூடக் கூட இரண்டு, நான்கு. எவ்வளவு நல்ல நேரத்திலும் எட்டுக்கு மேல் இல்லை. வாய்ப்புக் குறைந்தால் முகம் மாறாமல் ஒன்றுக்கு இறங்குவார். தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்ற நாளிலும் அந்தக் கணக்கை விட்டு இம்மியும் விலகவில்லை. எங்கள் கரையில் இப்படி ஒரு மனிதரா என்று எனக்குப் பெருமையாக இருக்கும். எண்ணுகிறவரைக் கண்டால் சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை.

ஒருநாள் சூப்பர்வைசர் என் பின்னால் வந்து நின்றார். "அடுத்ததுக்கு இவர் கூட்டி வைச்சா எண்ணுறார்தான். நீர் மறைச்சிருக்கிறீர்" என்றார் காதருகே. அப்பா படுக்கையில் கிடந்தார். என் சம்பளத்தில்தான் அவருக்கு மருந்து. அந்த நேரம் பார்த்து, அத்தனை மாதங்களில் வராத அருமையான வாய்ப்பு மேசையில் இருந்தது. எனக்கும் எண்ணத் தெரியும். எட்டு வைக்க வேண்டிய இடம். சம்மாட்டியார் என் கையைப் பார்த்தார். பிறகு ஒற்றை வில்லையைத் தள்ளி வைத்தார். அவருக்கு ஏஸும் ராஜாவும் விழுந்தன; அந்த ஆட்டத்தில் அதற்கு மேல் வெற்றி இல்லை. சற்று நேரம் கழித்து, வாய்ப்பு முழுதும் வடிந்த பிறகு, எட்டு வைத்துத் தோற்றார். இவருக்கு எண்ணத் தெரியாது என்று சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். சம்மாட்டியார் அதன் பிறகு அந்தப் பக்கம் வரவேயில்லை.

இப்போது நான் ஊரோடு வந்துவிட்டேன். போன கிழமை தாழ்வுபாட்டில், கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தவரைக் கண்டு மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன்.

"அண்டைக்கு எட்டு வைச்சிருக்கலாமே, ஏன் ஒண்டு வைச்சனீங்கள்?"

"உங்கட கை நடுங்கினது, பிள்ளை" என்றார், மீனைத் திருப்பிப் போட்டபடி. "நான் என்ர காசைத்தான் வைக்கிறனான். அண்டைக்கு எட்டு வைச்சிருந்தா, உங்கட வேலையையெல்லோ வைச்சிருப்பன்."

வீட்டுக்கு வந்து அந்தச் சீட்டுக்கட்டை எடுத்தேன். அன்றைய ஆட்டத்தில் இருந்த கட்டு. ஏஸையும் ராஜாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்த இரண்டு சீட்டில் அவர் விட்டுக்கொடுத்ததில்தான் என் அப்பா மேலும் மூன்று வருடம் மருந்து குடித்தார்.