இல்லாத சீப்பு

மருந்து பாட்டில் செய்யும் தொழிற்சாலையில் இருபத்திநான்கு வருடங்களாகச் சோதனை மேஜையில் உட்கார்ந்தவள் அவள். பாட்டில்கள் வரிசையாக நகர்ந்து வரும்; அவற்றின் பின்னாலிருந்து வெள்ளை விளக்கு அடிக்கும். கண்ணாடிக்குள் குமிழி இருக்கிறதா, கழுத்தில் மயிரிழை விரிசல் ஓடுகிறதா என்று பார்த்து, கெட்டதைத் தூக்கித் தொட்டியில் போட வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அந்த வேலை. கூட இருந்தவர்கள் அவளைக் கழுகக்கா என்றே கூப்பிட்டார்கள்.

புது மேற்பார்வையாளர் வந்த இரண்டாவது வாரம் சுவரில் ஒரு தாள் ஒட்டினார். ஐம்பதைத் தாண்டிய ஆறு பெண்களும் முதல் தேதியிலிருந்து அட்டைப்பெட்டி மடிக்கப் போக வேண்டும் என்று அதில் இருந்தது.

கழுகக்கா நேராக அவரிடம் போனாள். "நான் எந்தப் பாட்டில விட்டேன், சார்?"

"விட்டீங்கன்னு யாரும்மா சொன்னா? வயசானா கண்ணு மங்கும். எல்லாருக்கும் உள்ளதுதான். நிம்மதியா உக்காந்து பெட்டி மடிங்க."

"நிம்மதி வேணும்னு நான் கேட்டேனா?"

அவர் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் பாத்திரங்கள்தான் அடி வாங்கின. அம்மாவின் கோபம் கொஞ்சம் தணியட்டும் என்று மகள் தன் மடிக்கணினியில் ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். பழைய நாவல் ஒன்றை வைத்துச் செய்தது. கதையின் அத்தியாயங்களாக ஏழு அறைகள். ஒவ்வொரு அறையிலும் சாமான்கள் குப்பையாகக் குவிந்து கிடக்கும். கீழே ஒரு பட்டியல் இருக்கும். அதில் உள்ளதைப் படத்தில் தேடிக் கண்டுபிடித்துத் தொட வேண்டும்.

"சின்ன விளையாட்டும்மா. ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிடுமாம்."

நாவலின் பெயரைப் பார்த்ததும் கழுகக்காவின் முகம் மாறியது. பதினைந்து வயதில் பள்ளி நூலகத்திலிருந்து மூன்று முறை எடுத்துப் படித்த புத்தகம் அது. அப்பா பார்த்து வைத்த மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லி, விடிகாலையில் தனியே வீட்டை விட்டு வெளியேறும் ஒரு கடைக்குட்டிப் பெண்ணின் கதை.

தேட முடியாதவர்களுக்கு உதவ, திரையின் ஓரத்தில் 'குறிப்பு' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் சாமான் இருக்கும் இடம் மின்னும். "கண்ணு இருக்கறவளுக்கு எதுக்குடி அது?" என்று அதைத் தொடவே இல்லை அவள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கு அறைகளை முடித்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்தாவது அறை திறந்தது. கடைக்குட்டி வீட்டை விட்டுப் போன மறுநாள், அவள் அறை. பன்னிரண்டு சாமான்களில் பதினொன்றைக் கால் மணி நேரத்தில் எடுத்துவிட்டாள். பன்னிரண்டாவது, தந்தச் சீப்பு. அது கிடைக்கவில்லை.

ஒரு மணி நேரம் ஆனது. திரைச்சீலை மடிப்பு, நாற்காலிக் கால், கூரை மூலை என்று விரற்கடை விரற்கடையாகத் தேடினாள். பேருந்து ஓட்டுநரான கணவருக்கு அன்று விடுமுறை. எட்டிப் பார்த்தார்.

"ஒரு சீப்பு கிடைக்கலயா? உங்க சார் சொன்னதுல தப்பே இல்ல போலிருக்கே!"

விளையாட்டாகத்தான் சொன்னார். அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"இந்த ரூம்ல சீப்பு இல்லீங்க. இருக்கவும் முடியாது."

"ஏன் முடியாது?" என்றாள் மகள்.

"போறப்ப அவ அந்தச் சீப்ப எடுத்துட்டுப் போயிட்டாடி. அவங்க அம்மாவோட சீப்பு. அத மட்டுந்தான் எடுத்துட்டுப் போனா. புத்தகத்துல தெளிவா இருக்கு."

"அம்மா, செஞ்சவங்க தப்பா செய்வாங்களா? நாம ஒரு தடவ கண் டாக்டரப் பாத்துட்டு வந்துடலாம்."

"குறிப்ப அழுத்து. எனக்காக இல்ல, உனக்காக அழுத்து."

மகள் அழுத்தினாள். படத்திலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் வெறும் சுவர் மின்னியது. மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். நான்கைந்து முறை தொட்டும் பார்த்தாள். சுவர்தான். அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கணவர் சத்தமில்லாமல் போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார்.

"செஞ்சவங்களுக்கு ஒரு கடிதம் எழுது. நான் சொல்லச் சொல்ல எழுது" என்று மகளிடம் சொன்னாள் கழுகக்கா.

முதல் தேதி வந்தது. கழுகக்கா பெட்டி மடிக்கும் பக்கம் போகாமல், தன் பழைய மேஜையிலேயே போய் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து இன்னும் இருவர் உட்கார்ந்தார்கள். மேற்பார்வையாளர் ஓடி வந்தார்.

"என்னம்மா இது? விதின்னா விதிதான்!"

"வயசப் பாக்காதீங்க சார், கண்ணப் பாருங்க. இந்த மேஜையில உக்கார்ற எல்லாருக்கும் சோதனை வைங்க. இருபது வயசுப் பொண்ணுக்கும் வைங்க. தோத்தா நானே எழுந்து போறேன். அதுவரைக்கும் இங்கதான். முடிஞ்சா ஸ்டூலோட தூக்கிட்டுப் போங்க."

சத்தம் கேட்டு மேலாளர் இறங்கி வந்தார். நரைத்த தலை, தடித்த கண்ணாடி.

"சார், உங்களுக்கு என்ன வயசு?" என்று கேட்டாள்.

மேற்பார்வையாளருக்கு வேர்த்தது. மேலாளர் சுவரில் இருந்த தாளைப் படித்தார். பிறகு, "சோதனை வைங்க" என்றார்.

இருநூறு பாட்டில்கள். அதில் இருபது கெட்டவை என்று மேற்பார்வையாளரே எண்ணி வைத்திருந்தார். கழுகக்கா இருபத்திரண்டைத் தூக்கி வெளியே வைத்தாள்.

"பாத்தீங்களா, ரெண்டு நல்ல பாட்டிலயும் எடுத்துட்டாங்க!"

அவள் அந்த இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். ஒன்றின் அடியில் கடுகில் பாதி அளவு குமிழி. மற்றதன் கழுத்துக்குள் விரிசல். மேலாளர் கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடியும் பார்த்தார். தலையசைத்தார்.

தாள் கிழிக்கப்பட்டது. வயது விதி போய், எல்லோருக்கும் வருடாந்திரக் கண் சோதனை வந்தது. ஆறு பேரில் நால்வர் தேறினார்கள். இளையவர்களில் இருவர் தேறவில்லை. தேறாத மூத்தவர்களில் ஒருத்தி கழுகக்காவின் நெருங்கிய தோழி. "உன் வீம்புல என் மானம் போச்சு" என்று ஒரு மாதம் அவள் பேசவில்லை. கழுகக்கா தினமும் சாப்பாட்டு நேரத்தில் அவளெதிரே போய் உட்கார்ந்தாள். கடைசியில் ஒருநாள், "இப்படியே முறைச்சுட்டு இருந்தா சோறு எப்படிடி இறங்கும்?" என்று தோழிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இடையில் விளையாட்டைச் செய்தவர்களிடமிருந்து பதில் வந்தது. புத்தகப்படி அந்தச் சீப்பு அங்கே இருக்கக் கூடாதென்று படத்திலிருந்து நீக்கினார்களாம்; பட்டியலிலிருந்து எடுக்க மறந்துவிட்டார்களாம். காரணத்தோடு எழுதியவர் நீங்கள் ஒருவர்தான் என்றும் எழுதியிருந்தார்கள். கணவர் அதை மூன்று முறை உரக்கப் படித்துக்காட்ட வேண்டியதாயிற்று.

மூன்றாம் வருடச் சோதனையில் அவள் நான்கு பாட்டில்களைத் தவறவிட்டாள். அந்த நான்கையும் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆமா, இருக்கு. இப்ப போறேன். இது நியாயம்."

தலையை நிமிர்த்திக்கொண்டு பெட்டிப் பகுதிக்குப் போனாள். அங்கே போன மூன்றாவது நாளே, மடிக்கும் மேஜை உயரம் குறைவு, எல்லோருக்கும் முதுகு ஒடிகிறது என்று மேலாளர் அறைக் கதவைத் தட்டினாள்.