வாசலில் விட்ட சப்பாத்து

மகளுக்கு ஒப்பரேஷன் நடந்த அன்று, காத்திருக்க முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலிருந்த கன்னியர் மடத்துச் சிற்றாலயத்துக்குள் போனேன். நான் சைவம். பழக்கத்தில் சப்பாத்தைக் கழற்றி, வாசற்படியில் பனிக்குள்ளேயே விட்டுவிட்டேன்.

கும்பிட்டுவிட்டு வந்தால் சப்பாத்தைக் காணவில்லை. உள்ளே ஹீட்டரடியில் ஒரு முதிய கன்னியாஸ்திரி முழந்தாளிட்டு, ஈரம் உறிஞ்சட்டும் என்று அதற்குள் பத்திரிகைத்தாளைக் கசக்கித் திணித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்த கழுத்து, விரல்களெல்லாம் வெடிப்பு.

“ஏன் கழற்றினீர்கள்?” என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார்.

“கடவுளுக்கு முன்னால நாங்கள் சப்பாத்தோட நிக்கிறேல்லை” என்றேன் நானும் அதே மொழியில்.

அவர் யோசித்தார். மகளின் ஒப்பரேஷனைப் பற்றிச் சொன்னேன். அவளின் பெயரைக் கேட்டு, இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மகள் தேறினாள். நன்றி சொல்ல, ஹொல்ம்லியாப் புறநகரில் இருக்கும் கத்தோலிக்கச் சிநேகிதியோடு மறுபடி அந்தச் சிற்றாலயத்துக்குப் போனேன். வழியில் அந்தக் கன்னியாஸ்திரியைப் பற்றிச் சொன்னேன்.

“அவவோ! அவ ராசகுடும்பத்துப் பிள்ளையடி. எல்லாத்தையும் விட்டிட்டு வந்து இந்த மடத்தைத் தொடங்கினதே அவதான்.”

வாசற்படியில் ஒரு சோடி பழைய கறுப்புச் சப்பாத்து இருந்தது. அதற்குள் பனி விழுந்திருந்தது. உள்ளே அவர் வெறும் காலுறையோடு கல்தரையில் முழந்தாளிட்டிருந்தார்.

சிநேகிதியின் பையிலிருந்த பத்திரிகையைக் கேட்டு வாங்கினேன். அந்தச் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஹீட்டரடிக்குப் போனேன்.