மையில் எழுதிய குறிப்பு

பதினைந்து நாளைக்கு முன் ஒரு சனிக்கிழமை. சாயங்காலம் மேலூரிலிருந்து வந்து இறங்கிய என் தங்கை மகன் கதிரேசன், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னான்: "மாமா, ஆபீசுல ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

எழுதிக்கொண்டிருந்த பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

அவன் மதுரையில் என் வீட்டில் தங்கித்தான் பி.ஏ. படிக்கிறான். அவனுடைய கல்லூரியில் இந்த வருஷம் ஒரு புது ஏற்பாடு. கோடை விடுமுறையில் ஆறு வாரம், மாணவர்கள் சர்க்கார் ஆபீசில் உட்கார்ந்து நிர்வாகம் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். முடிவில் அதிகாரி ஒரு சர்ட்டிபிகேட் தருவார். அது நன்றாக இருந்தால் நாளைக்கு உத்தியோகத்துக்கு உதவும். இல்லாவிட்டால்...? கார்டியன் என்று கையெழுத்துப் போட்டவன் நான். "அண்ணே, உன்னய நம்பித்தான் விடுறேன்" என்று தங்கை வேறு சொல்லியிருக்கிறாள்.

மேலூர் தாலுகா ஆபீசில் அவனிடம் ஒரு பைலைக் கொடுத்துச் சுருக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கண்மாய் மடை உடைந்து கிடக்கிறது என்று ஒரு கிராமத்து மனு. மடை ரிப்பேர் ஆகிவிட்டது என்று ரெவின்யூ இன்ஸ்பெக்டரின் ரிப்போர்ட். இரண்டையும் நாலு வரியில் எழுதியிருந்தால் போதாதா? இவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தக் கண்மாய்க்கே போயிருக்கிறான்! திரும்பி வந்து பைலில் எழுதியும் விட்டான் — 'நேரில் பார்த்தேன். மடை உடைந்தபடியே இருக்கிறது. ரிப்போர்ட் உண்மையல்ல.'

"அந்தத் தாளைக் கிழிச்சுப்புட்டு வேற எழுத வேண்டியதுதானே மாப்ள?"

"முடியாது மாமா. ஒவ்வொரு தாளுக்கும் நம்பர் போட்டுருவாக. ஒண்ணு காணோம்னா பெரிய குத்தம். எல்லாரும் மொதல்ல பென்சில்ல எழுதி, பெரியவுகளுக்குக் காட்டி, அப்புறந்தான் மையில எழுதுவாகளாம். எனக்குத் தெரியாது. நேரா பேனாவுல எழுதிட்டேன்."

பென்சில்! பத்திரிகைக்கு எழுதும் இந்தப் பத்தியைக்கூட நான் பென்சிலில் எழுதுவதுதான் வழக்கம். யார் மனம் நோகுமோ, எந்த அதிகாரி கண்ணில் படுமோ என்று ரப்பரால் அழித்து அழித்து, மிச்சம் இருப்பதைத்தான் நீங்கள் வாராவாரம் படிக்கிறீர்கள். என் வீட்டுச் சோறு தின்கிற பிள்ளைக்கு இந்தப் புத்தி வராமல் போனது எப்படி?

ஞாயிறு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. சுயராஜ்யக் கிளர்ச்சிக்குப் பயந்து, காலேஜ் பையன் என்றாலே போலீஸ்காரர் இரண்டு தடவை பார்க்கிற காலம் இது. 'கலகக்காரன்' என்று ஒரு வார்த்தை சர்ட்டிபிகேட்டில் விழுந்தால், தங்கை முகத்தில் எப்படி விழிப்பேன்?

திங்கள் காலை இருவரும் பஸ் ஏறினோம். யுத்தகாலப் பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடுகிற பஸ். ஒத்தக்கடையில் மூச்சு முட்டி நின்றுவிட்டது. கண்டக்டர் கரியைக் கிளறிக்கொண்டிருந்தார். நான் மன்னிப்பு வாசகத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

"நீ வாயைத் தெறக்காத. நான் பேசிக்கிறேன்" என்றேன்.

"நான் பொய் எழுதலையே மாமா?"

"அதாண்டா பயமா இருக்கு."

தாசில்தார் அந்தப் பைலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். "சின்னப் பையன், தெரியாம..." என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"இவர் எழுதாம இருந்தா, ரிப்பேர் ஆச்சுன்னு கையெழுத்துப் போட்டு முடிச்சிருப்பேன். இப்பத் தாள்ல ஏறிப்போச்சு. நான் பாக்கலைன்னு சொல்ல முடியுமா?"

கோபமா, சந்தோஷமா? என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கதிரேசனின் குறிப்புக்குக் கீழே அவரும் மையில் எழுதினார்: 'நாளை நானே நேரில் பார்க்கிறேன்.' பார்த்தார். இப்போது அந்த மடையில் கொத்தனார் வேலை நடக்கிறதாம்.

நேற்று சர்ட்டிபிகேட் வந்தது. கவரைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை, அவனே பிரித்தான். இங்கிலீஷில் இரண்டே வரி. தமிழில் சொன்னால் — 'பார்த்ததை எழுதுகிறார். முதலில் பென்சிலால் எழுதப் பழக வேண்டும்.'

இது பாராட்டா, கண்டிப்பா? உத்தியோகம் கொடுக்கப்போகிறவர் எந்த வரியைப் பார்ப்பார்? கவலை இன்னும் தீர்ந்தபாடில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று என் பென்சிலை அவனிடம் நீட்டினேன்.

"அதை நீங்களே வச்சுக்கங்க மாமா" என்று சிரித்தபடி உள்ளே போய்விட்டான்.

இந்த வாரம் நேராகப் பேனாவிலேயே எழுதிவிட்டேன்... கைதான் இன்னும் ரப்பரைத் தேடுகிறது!